ஒன்பது பத்துக்குக் கத்துகிற கருவி

பிப்ரவரி 4, திங்கள்

டாக்டர் ஹேமலதா சொல்லித்தான் இந்த டைரியைத் தொடங்குகிறேன். இன்சூரன்ஸ்காரர் கொடுத்தது, ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. "காய்ச்சல் எப்ப வருது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எழுதாம நாங்க மருந்து குடுக்கறதில்லைங்க நாச்சிமுத்து. நீங்களும் எழுதுங்க, நானும் எழுதறேன்" என்றார். அவர் மயக்க மருந்து டாக்டர். காலையில் கோவையில் ஒரு ஆபரேஷன், மதியம் திருப்பூரில் இன்னொன்று என்று அவிநாசி ரோட்டில் பறப்பவர். பறக்கிறவர்களை நம்பித்தான் எங்கள் கடையே இருக்கிறது.

பின்னால் படிக்கும்போது எனக்கே குழம்பக் கூடாது, ஆகவே முதலிலிருந்து. ஹைவேயில் போலீஸ்காரர் லேசர் துப்பாக்கியைக் காரின் மேல் காட்டி வேகத்தை அளக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் ஒட்டிக் கொடுக்கும் ரேடார் டிடெக்டர் அதை உணர்ந்து "லேசர், லேசர்" என்று வெள்ளைக்காரப் பெண் குரலில் கத்தும். பம்பரில் பொருத்தும் லேசர் ஜாமர் பதிலுக்கு ஒளியை வீசி, துப்பாக்கியில் எண் விழாமல் பார்த்துக்கொள்ளும். முன்னது காது, பின்னது வாய் என்று பெயர் வைத்திருக்கிறேன். பில்லில் 'பார்க்கிங் சென்சார்' என்று போடுவோம். முழுப் பொய்யில்லை. அந்த வாய்க்கு அப்படியும் ஒரு வேலை உண்டு. வண்டி மெதுவாகப் போகும்போது சுவர் எவ்வளவு தூரம் என்று தானே ஒளிவீசிப் பார்க்கும்.

இதெல்லாம் நல்ல வேலையா என்று என் மனைவி ரேணுகா கேட்பாள். ஆக்சிலேட்டரை நானா மிதிக்கிறேன் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

புகார்: டாக்டரம்மாவின் காது சும்மா சும்மா கத்துகிறது. போலீஸ் இல்லாத இடத்தில், சிக்னலில், ஆஸ்பத்திரி பார்க்கிங்கில். இதுவரை மொத்தம் பதினொரு கார்களுக்கு இந்தக் கருவிகளைப் போட்டிருக்கிறோம். பதினொன்றும் என் கை.

பிப்ரவரி 5, செவ்வாய்

டாக்டரம்மாவின் காரைக் கடைக்குள் நிறுத்தி இரண்டு மணி நேரம் பார்த்தேன். கத்தவே இல்லை. டாக்டரிடம் போனால் பல்வலி நின்றுவிடுமே, அந்த மாதிரி.

காலை 9.10-க்கு, சோதனைக்காக மேசை மேல் எப்போதும் ஓடுகிற டிடெக்டர் தானாக ஒருமுறை கத்தியது. ட்யூப்லைட் துடிப்பாக இருக்கும். ஸ்டார்ட்டரை மாற்றினேன்.

பிப்ரவரி 6, புதன்

சோமனூர் மில்காரரிடமிருந்தும் அதே புகார். கிளப்பில் கார் நிறுத்தும்போது கத்துகிறதாம். சம்பத்துதான் போனில் அவரைச் சமாதானப்படுத்தினான்.

சம்பத்தைப் பற்றி எழுத வேண்டும். காந்திபுரத்தில் ஒரு கார் ஸ்டீரியோ கடையில் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். தனிக்கடை போட்டுப் பத்தொன்பது வருடம் ஆகிறது. வேலை எனக்கு, பேச்சு அவனுக்கு. சரக்கு வரவழைப்பதும் அவன்தான். நான் பேசினால் வந்த கஸ்டமர் திரும்பிப் போய்விடுவார் என்பான். உண்மைதான்.

இன்று ஒரு புது வண்டி, பன்னிரண்டாவது. வழக்கம்போலக் கடைசி ஐந்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். கம்பெனியிலிருந்து வரும்போது அந்தப் பார்க்கிங் வேலை விழித்துக்கொண்டேதான் வரும். அதைத் தூங்க வைக்காவிட்டால் வண்டி மெதுவாகும்போதெல்லாம் வாய் பேசும், பக்கத்துக் காரின் காது கத்தும். கட்டுப்பாட்டுப் பெட்டியை இரண்டு கைக்குள் பிடித்து, இரண்டு பொத்தானையும் ஒன்றாக அழுத்தி, தலையைக் குனிந்து, சிறிய விளக்கு ஏழு முறை மினுக்குவதை எண்ணி விடவேண்டும். தவறினால் முதலிலிருந்து.

வெளியே நிற்பவர்களுக்கு நான் கைகூப்பிச் சாமி கும்பிடுகிற மாதிரி தெரியும். "அண்ணன் சாமி கும்பிட்டுத்தான் சாவி குடுப்பாருங்க" என்று முதல் வண்டியிலேயே சம்பத்து ஒரு கஸ்டமரிடம் சொல்லிவிட்டான். அவர்களுக்கு அது பிடித்துப்போனது. நானும் மறுக்கவில்லை. சம்பத்தும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

9.10. மேசைக் கருவி மறுபடியும். ட்யூப்லைட்டையே மாற்றினேன்.

சம்பத்தின் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடியாம். தினமும் மதியம் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும், இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்றான். கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், அப்பாவைக் கவனி என்றேன். வீட்டிலிருந்து நேந்திரம்பழம் ஒரு சீப்பு கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, திங்கள்

புகார் நான்காகிவிட்டது. மில்காரர் நேரிலேயே வந்தார். என்னிடம் பேசாமல் சம்பத்திடம் பேசினார், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே. "உங்க ஆளு கை முன்ன மாதிரி இல்லைங்க சம்பத்து." எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருடத்தில் என் வயரிங்கைக் குறை சொன்னவர் கிடையாது. நான் வேறெதிலும் கெட்டிக்காரன் இல்லை. இந்தக் கை ஒன்றுதான் இருக்கிறது.

பிப்ரவரி 13, புதன்

சம்பத்து ஒரு யோசனை சொன்னான். டிடெக்டரின் செட்டிங்கில் போய் லேசர் என்பதையே அணைத்துவிடலாம், எப்படியும் ஜாமர் தனியாக எச்சரிக்கை கொடுக்கிறதே என்று. அப்படிச் செய்கிறவர்கள் உண்டு, தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் காரணம் தெரியாமல் காதை அடைப்பது எனக்கு ஒப்பவில்லை. டாக்டரம்மாவிடம் என்ன சொல்வேன்? நோய் தீர்ந்தது என்றா?

முடியாது என்றேன். அவன் என் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னான்.

"நாச்சி, தப்பா எடுத்துக்காத. உனக்குக் கண்ணு மங்கீட்டு வருதோன்னு எனக்கு ஒரு வெசனம். ரெண்டு வயர மாத்திக் குடுத்திருந்தாலும் இப்படித்தான கத்தும்?"

நாற்பத்தாறு வயது. இருக்கலாம். ஏழு மினுக்கலை ஆறு என்று எண்ணியிருப்பேனோ?

பிப்ரவரி 15, வெள்ளி

சம்பத்தே கூட வந்து கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனான். படிக்கிற கண்ணாடி. ஃபிரேமும் அவனே பார்த்து எடுத்தான். கறுப்பு உனக்கு எடுப்பாக இருக்கிறது என்றான். இப்படி ஒரு கூட்டாளி யாருக்குக் கிடைப்பான் என்று ரேணுகாவிடம் சொன்னேன்.

9.10. கத்தியது. ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றி வைத்தேன்.

பிப்ரவரி 16, சனி

சம்பத்து வரவில்லை, அப்பாவுக்கு ஸ்கேன் என்றான். கருவி கத்தவில்லை. வோல்டேஜ் சரியாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 18, திங்கள்

கண்ணாடி போட்டுக்கொண்டு பன்னிரண்டு வண்டிகளையும் மறுபடி பார்ப்பது என்று முடிவு செய்தேன். வீடு வீடாகப் போகிறேன். பம்பரைக் கழற்றி, வயரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மறுபடி மாட்டி. இன்று மூன்று வண்டி முடிந்தது. ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கெட்ட வேலை செய்தவனுக்கு என்ன மரியாதை?

9.10. ரெகுலேட்டர் காரணமில்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்

நான்கு வண்டி.

பிப்ரவரி 21, வியாழன்

பன்னிரண்டும் முடிந்தது. பன்னிரண்டிலும் பார்க்கிங் வேலை தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு வயர்கூட மாறவில்லை. ஒவ்வொரு கட்டும் நான் கட்டிய கட்டு: கறுப்பு டேப் மூன்று சுற்று, அதன் மேல் டை, டையின் வாலைச் சாய்வாக ஒரு வெட்டு.

சந்தோஷப்பட வேண்டும். பட முடியவில்லை. என் மேல் தப்பில்லை என்றால் எதன் மேல்?

சம்பத்திடம் சொன்னேன். அவன் முகம் ஏனோ தெளியவில்லை. "அப்ப மிஷினே மட்டமோ என்னமோ. நாமளே இந்த லைன உட்டுறலாமா நாச்சி? நீ கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருந்து ரெஸ்ட் எடு" என்றான். என் மேல் அவனுக்கு அக்கறை அதிகம்.

பிப்ரவரி 24, ஞாயிறு

கருமத்தம்பட்டியில் ரேணுகா பக்கத்துச் சொந்தத்தில் கல்யாணம். சம்பத்தின் அப்பாவைப் பார்த்ததாக வந்து சொன்னாள். பந்தியில் எழுந்து எழுந்து ஆட்களைக் கவனித்துக்கொண்டிருந்தாராம். "ஏனுங்க, இடுப்புல அடின்னீங்க, அவரு எளந்தாரியாட்டம் நடக்கறாரு. பழம் நல்லா இருந்துதுங்களான்னு கேட்டேன், எந்தப் பழம்ங்கறாரு" என்றாள்.

பிசியோதெரபி நன்றாக வேலை செய்திருக்கிறது. வயதானவர்களுக்கு மறதி சகஜம்.

பிப்ரவரி 26, செவ்வாய்

டாக்டரம்மா தன் குறிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வாரத்தில் பதினெட்டு முறை. தேதி, நேரம், இடம், பக்கத்தில் நின்ற கார் என்ன என்பது வரை எழுதியிருக்கிறார். ஐந்து முறை ஒரே வெள்ளைக் கார், ஆஸ்பத்திரி பார்க்கிங்கில். ஆறு முறை அவர் வீட்டுக்குத் திரும்பும் வழியில், சரவணம்பட்டி தாண்டி, மூடிக் கிடக்கும் எடைமேடைக்குப் பக்கம். அந்த ஆறும் மதியம் இரண்டரைக்கும் நான்குக்கும் நடுவில்.

"உங்க வேலையில கோளாறில்லைன்னு எனக்குத் தோணுதுங்க. இது தொத்து வியாதி. வேற யாருக்கோ இருக்குது, அவங்க பக்கத்துல வந்தா எனக்கு வருது" என்றார்.

அவர் சொன்னது சரியான பேச்சு. எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? பார்க்கிங் வேலை விழித்திருக்கிற ஜாமர்கள் ஊரில் ஓடுகின்றன. நான் போடாத ஜாமர்கள். பெங்களூர்க்காரன் யாராவது வந்து கடை போட்டிருப்பான். அரைகுறை வேலைக்காரன், கடைசி ஐந்து நிமிடம் தெரியாதவன்.

பிப்ரவரி 28, வியாழன்

இதைச் சம்பத்திடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

9.10. கத்தியது.

மார்ச் 2, சனி

எழுதினால்தான் தெரியும் என்றாரே டாக்டரம்மா. மதியம் சாப்பிட்டுவிட்டு இந்த டைரியை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

படித்து முடித்து மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 4, திங்கள்

வாசலில் நின்றுகொண்டேன். 9.10. சம்பத்தின் கார் சந்தில் திரும்பி, மெதுவாக வந்து, சுவரைப் பார்த்து நின்றது. உள்ளே மேசையில் "லேசர், லேசர்."

அவன் இறங்கி வந்து, ஏன் வெயிலில் நிற்கிறாய் என்று கேட்டான். சும்மா என்றேன். அவன் டீ சொல்லப் போன நேரத்தில் குனிந்து பார்த்தேன். நம்பர் பிளேட்டுக்கு மேல் கிரில்லுக்குள் ஜாமரின் இரண்டு கறுப்புக் கண்கள். உள்ளே கறுப்பு டேப் மூன்று சுற்று, அதன் மேல் டை, டையின் வாலைச் சாய்வாக ஒரு வெட்டு. ஒரு நொடி நானே போட்டு மறந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். அவ்வளவு சுத்தம். பத்தொன்பது வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

டீ ஆறிப்போனது. குடித்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

அப்பாவுக்குப் பிசியோதெரபி என்று இரண்டு மணிக்குக் கிளம்பினான். பத்து நிமிடம் கழித்துக் கடையைச் சாத்திவிட்டு, என் பழைய மாருதியில் டிடெக்டரை ஒட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன்.

சரவணம்பட்டி தாண்டி எடைமேடை வந்ததும் கத்தியது. பக்கத்துச் சந்தில் தகரக் கூரை போட்ட ஷெட், புது பெயிண்ட், போர்டு இன்னும் வைக்கவில்லை. எதிரே இளநீர்க்காரரிடம் வண்டியை நிறுத்தினேன். விசாரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. "சம்பத்தண்ணன் கடைங்க. தீவாளிக்கு அப்பறம் ஆரம்பிச்சாரு. போர்டு இந்த மாசம் வெச்சுருவாருங்க" என்று அவராகவே சொன்னார்.

ஷெட்டுக்குள் மில்காரரின் இரண்டாவது கார் நின்றிருந்தது. சம்பத்து பம்பருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான். கை கழுவினான். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தான். பிறகு டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, தலையைக் குனிந்து, கண்ணை மூடினான். ஐந்து நிமிடம். நான் வாட்சில் பார்த்தேன்.

என்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான், சாமி உட்பட. அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன வேண்டிக்கொண்டானோ.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். இளநீர்க்காரர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

மார்ச் 6, புதன்

ரேணுகாவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பழம் என்னாச்சுன்னு இப்பத் தெரியுதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 7, வியாழன்

இன்று கேட்டுவிட்டேன். ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டு, எடைமேடைச் சந்துக்குப் போயிருந்தேன் என்றேன். அவன் மறுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மச்சினன் தூண்டிவிட்டானாம். இரண்டு பேருக்கு இந்த ஒரு கடை போதாதாம். நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தானாம். எல்லாரும் சொல்கிறதுதான். தனிக்கடை போட்டதுகூட எனக்குப் பெரிதில்லை. கேட்டிருந்தால் நானே போய்க் குத்துவிளக்கு ஏற்றியிருப்பேன். வேறொன்று கேட்க வேண்டியிருந்தது.

"சம்பத்து, எங்கண்ணுல ஒண்ணுமில்லைன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் எதுக்குக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போன?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"உன்னால இனி முடியாதுன்னு நீயா நெனச்சுட்டீனா, சண்டையில்லாம பிரிஞ்சுக்கலாம்னு நெனச்சேன்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஒரு மாதம் நான் என் கையையே சந்தேகப்பட்டேன், வீடு வீடாகப் போய் மண்டியிட்டேன். காரணம் தெரிந்தவன் பக்கத்தில் நின்று ஃபிரேம் எடுத்துக் கொடுத்திருக்கிறான். கறுப்பு எடுப்பாக இருக்கிறது என்றானே!

அவன் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருந்தது. அப்புறம் அதுவும் வந்தது.

"நாச்சி, நான் போட்ட வண்டி எட்டும் கத்துது. ஒண்ணைப் பாத்து ஒண்ணு கத்துது. உன்னுது தனியா இருந்தா கத்தறதில்லை. உன்னையாட்டமேதான் எல்லாம் பண்ணுனேன், ஒண்ணுகூட உடல. கஸ்டமருக தெனமும் வந்து நிக்கறாங்க. நான் என்ன உட்டேன்னு மட்டும் சொல்லிரு."

வெட்கமில்லாமல் கேட்கிறானே என்று ஆத்திரம் வந்தது. அதே சமயம், காரணம் தெரியாமல் ஒரு மாதம் தூக்கமில்லாமல் கிடப்பது எப்படி என்று இந்த ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். டாக்டரம்மாவின் காதும் அந்த எட்டு வண்டிகளால்தான் கத்துகிறது. அவை ஓடுகிறவரை என் பன்னிரண்டு வண்டிகளுக்கும் நிம்மதி இல்லை. என் கட்டைக் கட்டிக்கொண்டு ஒரு தப்பான வேலை ஊரில் சுற்றுவதும் எனக்குப் பொறுக்கவில்லை.

சாவியைக் கொடு என்றேன்.

அவன் காரில் ஏறினேன். கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெட்டியை இரண்டு கைக்குள் பிடித்து, தலையைக் குனிந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு. விட்டேன்.

வண்டியை எடுத்து மேசைக் கருவிக்கு முன்னால் மெதுவாக ஓட்டிக் காட்டினேன். சத்தமில்லை.

"என்ன பண்ணுன?" என்றான்.

"சாமி கும்பிட்டேன்" என்றேன்.

மற்ற ஏழு வண்டிகளையும் ஒவ்வொன்றாக இங்கே அனுப்பச் சொன்னேன். நீ கூட வரவேண்டாம் என்றும் சொன்னேன். அவன் தன்னிடம் இருந்த கடைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

மார்ச் 13, புதன்

மூன்று வண்டி வந்தது. மில்காரர் தன் காரோடு அவரே வந்தார். ஐந்து நிமிடம் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மார்ச் 19, செவ்வாய்

ஏழும் முடிந்தது.

மார்ச் 25, திங்கள்

டாக்டரம்மா போன் செய்தார். ஆறு நாளாக ஒருமுறைகூட இல்லையாம். காய்ச்சல் விட்டுவிட்டது, இனி எழுத வேண்டாம் என்றார். கை நல்ல கை என்று அவரும் சொன்னார், மில்காரரும் நாலு பேரிடம் சொல்கிறாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வந்தவர்களிடம் நானே பேச வேண்டியிருக்கிறது, அதுதான் கஷ்டம்.

கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். போட முடியவில்லை. உண்மையில் எனக்கு அது தேவைதான் போலிருக்கிறது. இதை எழுதுவதும் அதைப் போட்டுக்கொண்டுதான்.

காலை 9.10-க்குக் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுச் சந்தைப் பார்த்தேன். இத்தனை நாளாகியும் அந்த நேரத்துக்குத் தலை தானாக நிமிர்கிறது. மேசைக் கருவி கத்தவில்லை.

வோல்டேஜ் சரியாக இருந்திருக்கும்.